ஒரு மாத்திரை, ஒரு டேங்கர் லாரித் தண்ணீர்

மீன் வாங்கும்போது என் அம்மா முதலில் பார்ப்பது செவுள், அடுத்தது வயிறு. கட்டைவிரலால் லேசாக அழுத்துவார். கனமாக, மெத்தென்று இருந்தால் உள்ளே சினை இருக்கிறது என்று அர்த்தம். ஆற்றுக் கெண்டையாக இருந்தால் அந்தச் சினைக்காகவே பத்து ரூபாய் கூடக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து வயிற்றைக் கீறினால் மஞ்சள் மணிகளாகச் சரிந்து விழும். ஆண் மீன் என்றால் அந்த இடத்தில் வெள்ளையாக, வழவழவென்று விந்துப்பை இருக்கும். மஞ்சள் அல்லது வெள்ளை, இரண்டில் ஒன்று. நான் சமையலறையில் கற்றுக்கொண்ட உயிரியல் இது.

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இந்தக் கணக்கு தப்பியது. கழிவுநீர் தேங்கும் குட்டைகளில் கிடைத்த ரோச் என்னும் மீன்கள் சிலவற்றில் (நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம்) விந்துப்பைக்குள்ளேயே முட்டைகள் இருந்தன. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டும் கலந்த நிலை. அப்புறம் ஜான் சம்ப்டர் போன்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ரெயின்போ டிரவுட் மீன்களைக் கூண்டில் போட்டு, சுத்திகரித்த கழிவுநீர் ஆற்றில் கலக்கும் வாய்க்கு அருகே சில வாரம் தொங்கவிட்டார்கள். எடுத்து ரத்தத்தைச் சோதித்தால் ஆண் மீன்களின் ரத்தம் முழுக்க வைட்டெலோஜெனின்.

இந்த வைட்டெலோஜெனின் சினையின் மஞ்சள் கருவுக்கான மூலப்பொருள், ஒரு புரதம். பெண் மீனின் ஈரலில் உருவாகி, ரத்தத்தில் ஏறி, சினைக்குப் போய்ச் சேரும். அதைச் செய்வதற்கான மரபணு ஆண் மீனிடமும் உண்டு, ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தட்டி எழுப்ப ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் வேண்டும். ஆண் மீன் ஈரல் மஞ்சள் கரு செய்யத் தொடங்கிவிட்டது என்றால், அது நீந்தும் தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. 1998இல் அதே குழுவினர் ஆறுகளில் ரோச் பிடித்துப் பார்த்தபோது, கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே சில இடங்களில் பிடித்த ஆண் மீன்கள் அத்தனையிலும் இந்தக் கலப்பு தெரிந்தது.

அந்த ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி பெண்களின் உடம்பிலிருந்து இயல்பாகவே வெளியேறுவது. கொஞ்சம் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோன். அளவில் கொஞ்சம் என்றாலும் வீரியத்தில் அது பெரிய ஆள். ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மாத்திரை போவது நம் வயிற்றுக்குள். அது ஆற்றுக்கு எப்படிப் போகிறது?

மாத்திரை உள்ளே போனதும் வேலை செய்து "தீர்ந்துவிடும்" என்றுதான் நாம் நினைக்கிறோம், சோப்பு கரைகிற மாதிரி. பல மருந்துகள் தீர்வதில்லை. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு அதை உடைப்பதே இல்லை. ரத்தத்தில் ஏறியது ஏறியபடியே சிறுநீரில் வரும், ஏறாதது மலத்தில் போகும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று 500 மில்லிகிராம் மாத்திரை போடுகிறவர் வருடத்துக்கு 365 கிராம் மெட்ஃபார்மினைக் கழிப்பறை வழியாக அனுப்பிவைக்கிறார். ஒரு தெருவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

தடவும் மருந்துகளின் கதை இன்னும் வேடிக்கை. முட்டிவலிக்குத் தேய்க்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தோல் வழியாக உள்ளே போவது சுமார் 6 சதவீதம்தான். மிச்சம் தோலிலும் வேட்டியிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்த கையைக் கழுவும்போது, காலையில் குளிக்கும்போது, துணி துவைக்கும்போது அது சாக்கடைக்குப் போய்விடும். என் பெரியப்பா ஜெல் தேய்த்துக்கொண்ட அரைமணி நேரத்தில் "பிசுபிசுக்குது" என்று காலைக் கழுவிவிடுவார். அவர் வாங்கிய ட்யூபில் பெரும்பங்கு அவர் முட்டிக்காக வாங்கியது என்று சொல்லவே முடியாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சில மருந்துகளை ஈரல் அப்படியே விடாது. தண்ணீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரில் போகட்டும் என்று, சர்க்கரையிலிருந்து வரும் ஓர் அமிலத்தை அதன்மேல் கோத்துவிடும். ஒரு சட்டை போட்டு அனுப்புகிற மாதிரி. சட்டை போட்ட மருந்துக்கு வீரியம் இருக்காது. நல்லதுதான். ஆனால் சாக்கடையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சட்டைதான் தீனி. அதைக் கழற்றித் தின்றுவிட்டு உள்ளே இருந்த மருந்தைப் பழையபடி தண்ணீரில் விட்டுவிடும். ஈஸ்ட்ரோஜன்களுக்கு நடப்பது இதுதான். உள்ளே போகும் கழிவுநீரில் வீரியமில்லாமல் இருந்தது, சுத்திகரித்து வெளியே வரும்போது வீரியத்தோடு வருவது உண்டு.

சுத்திகரிப்பு நிலையம் என்றால் அபார்ட்மென்ட்காரர்கள் எஸ்டிபி என்று சொல்வதுதான். அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அது கட்டப்பட்டதே வேறு வேலைக்கு. மலத்தையும் சாப்பாட்டு மிச்சத்தையும் காற்று ஊதி, பாக்டீரியாவை வளர்த்துத் தின்னவைப்பது அதன் தொழில். ஓடையில் ஆக்சிஜன் குறையாமல், நாற்றமடிக்காமல் பார்த்துக்கொள்ளும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி எளிதில் உடைகிறவற்றை பாக்டீரியாக்கள் நன்றாகவே தின்றுவிடும். மெட்ஃபார்மினிலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், ஆனால் வரும் அளவு மலை என்பதால் மிச்சமும் கணிசம். டைக்ளோஃபெனாக் பாதிக்குமேல் தப்பிவிடுவது சாதாரணம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஏறக்குறைய முழுசாக வெளியே வரும். உலகின் 104 நாடுகளில் 258 ஆறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2022இல் வந்தது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் கிடைத்தவை மூன்று: கார்பமசெபின், மெட்ஃபார்மின், காஃபின். கடைசியாகச் சொன்னது நம் காபி, டீயிலிருந்தும் வருவது. நான்கில் ஓர் இடத்தில் ஏதாவது ஒரு பொருள், நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பு என்று கருதப்படும் அளவைத் தாண்டியிருந்தது.

இதெல்லாம் எஸ்டிபி இருக்கும் ஊர்களின் கதை. இல்லாத ஊரில் செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும் வாய்க்காலும்தான். அங்கே தப்புவதற்கு எந்த வடிகட்டியும் இல்லை.

சரி, ஆற்றுக்கு வந்துவிட்டது. எவ்வளவு? இங்கேதான் பலரும் "அட, இவ்வளவுதானா" என்று சிரித்துவிடுவார்கள். ஒரு லிட்டருக்கு சில நானோகிராம், சில மைக்ரோகிராம். ஒரு கிராமை ஆயிரமாகப் பிரித்தால் மில்லிகிராம், அதை ஆயிரமாகப் பிரித்தால் மைக்ரோகிராம், இன்னும் ஒரு தடவை ஆயிரமாகப் பிரித்தால் நானோகிராம். ஒரு கைப்பிடி உப்பைக் கடலில் கரைத்த கதை மாதிரித் தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் சாதாரணமாக ஒரு மாத்திரைக்கு 30 மைக்ரோகிராம். அதாவது 30,000 நானோகிராம். அதைத் தண்ணீரில் கரைத்து லிட்டருக்கு 5 நானோகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 6,000 லிட்டர். கோடையில் தெருமுனையில் வந்து நிற்குமே, ஒரு சின்ன டேங்கர் லாரி, அந்த அளவு. ஒரு லாரித் தண்ணீரில் ஒரே ஒரு மாத்திரை. குடித்துப் பார்த்தால் ருசி தெரியாது, நிறம் மாறாது. அந்த லிட்டருக்கு 5 நானோகிராம் ஒரு மீன் கூட்டத்தை என்ன செய்யும்?

இதை யாரோ ஊகமாகச் சொல்லவில்லை. ஒரு முழு ஏரியில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கே, காட்டுக்கு நடுவில் 58 சின்ன ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே 1968இலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கவில்லை, எண்தான். பக்கத்தில் ஊர் இல்லை, தோட்டம் இல்லை, சாக்கடை இல்லை. கண்ணாடித் தொட்டியில் பத்து மீனை விட்டுச் சோதிப்பதில் ஒரு குறை உண்டு. மீனுக்கு என்ன ஆகிறது என்று தெரியும், ஏரிக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. அதற்காகவே இந்த இடம்.

260ஆம் எண் ஏரியில் கேரன் கிட் என்பவர் தலைமையில் ஒரு குழு 2001இலிருந்து 2003 வரை மூன்று கோடைகள் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலைக் கலந்தது. படகில் போய், வாரத்துக்கு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் நிற்கிற மாதிரி. நகரக் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் இந்த அளவு வரை பதிவாகியிருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியின் பரப்பு சுமார் 34 ஹெக்டேர், அதாவது 84 ஏக்கர். வெயில் படும் மேல்மட்டத் தண்ணீர் நாலு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டு நானே பெருக்கிப் பார்த்தேன். ஒரு சமயத்தில் அந்த ஏரித் தண்ணீரில் இருந்த ஹார்மோனின் மொத்த எடை ஏழெட்டு கிராம். ஒரு பவுன். 84 ஏக்கர் ஏரிக்கு ஒரு பவுன் எடை மருந்து.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மினோ என்று ஒரு பொடி மீன் உண்டு, விரல் நீளம்தான். பெயருக்கு ஏற்றபடி ஆணுக்குத் தலை தடித்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மூக்குமேல் சின்னச் சின்ன முள்ளாகப் புடைக்கும், முதுகில் பஞ்சு மாதிரி ஒரு திட்டு வளரும். ஆண்தான் வீட்டுக்காரர். தண்ணீரில் கிடக்கும் மரக்கட்டைக்கு அடியில் இடம் பிடிக்கும், பெண் வந்து முட்டையை ஒட்டிவிட்டுப் போனதும் அந்தப் பஞ்சு முதுகால் முட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பொரியும் வரை காவல் இருக்கும்.

மருந்து கலந்த முதல் கோடையிலேயே ஆண் மினோக்களின் உடம்பில் வைட்டெலோஜெனின் ஏறியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இல்லை, ஆயிரக்கணக்கான மடங்கு. மஞ்சள் கருப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும் ஈரல், அதைக் கழிக்கத் தெரியாமல் திணறும் சிறுநீரகம். விந்துப்பை வளர்ச்சி நின்றது, சிலவற்றின் விந்துப்பைக்குள் முட்டைகள் தோன்றின. பெண்களுக்கும் சினை வளர்ச்சி குழம்பியது. ஆனால் ஏரிக்கரையில் நின்று பார்க்கும் ஒருவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கவில்லை. எல்லாம் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

தெரிந்தது வலையில்தான். இரண்டாம் கோடைக்குப் பிறகு குஞ்சுகள் இல்லை. இந்த மினோவுக்கு ஆயுள் குறைவு, பெரும்பாலானவை இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் தாண்டாது. பெரியவை வயதாகிச் சாகின்றன, இடத்தை நிரப்பக் குஞ்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பில் சேர ஆளில்லை என்றால் நாலைந்து வருடத்தில் பள்ளிக்கூடமே மூடப்படும் இல்லையா, அது மாதிரி. ஆராய்ச்சி முடிவதற்குள் அந்த ஏரியில் மினோ ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மருந்து கலக்காத பக்கத்து ஏரிகளில் மினோக்கள் வழக்கம்போல இருந்தன.

கதை மினோவோடு நிற்கவில்லை. அதே ஏரியில் லேக் டிரவுட் என்ற பெரிய மீன் இருந்தது. ஹார்மோன் அதை நேராக அவ்வளவாகத் தொடவில்லை, ஆனால் அதன் சாப்பாடு மினோ. சாப்பாடு போனதும் டிரவுட் இளைத்தது, எண்ணிக்கையும் குறைந்தது. இன்னொரு பக்கம், மினோ தின்று வந்த பூச்சிகள் பெருகின. பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. மனிதப் பெண்ணின் கருமுட்டைக்காகச் செய்த ஒரு மருந்து, ஏரிக்குள் ஒரே ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்ததில் மேலேயும் கீழேயும் சங்கிலி ஆடியது.

இவ்வளவு சின்ன அளவு எப்படி வேலை செய்கிறது? இந்த இடத்தில் மருந்தையும் சாதாரண விஷத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூச்சிமருந்தோ சாயக்கழிவோ ஆற்றில் விழுந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். மருந்து அப்படி இல்லை. உடம்பில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய், சாவி பூட்டில் நுழைவது போல உட்கார்ந்து, மிகக் குறைந்த அளவிலேயே காரியத்தை முடிக்கிற மாதிரிதான் அதைச் செய்கிறார்கள். ஈரலில் சீக்கிரம் உடைந்துவிடாமலும் செய்கிறார்கள். எத்தினைல் ஈஸ்ட்ரடையாலில் "எத்தினைல்" என்ற துண்டை 1938இல் ஜெர்மனியில் சேர்த்ததால்தான் வாய் வழியாகச் சாப்பிட்டாலும் ஈரலைத் தாண்டி ரத்தத்துக்குப் போய் நிற்கிறது. குறைந்த அளவில் வேலை செய்வதும் எளிதில் உடையாததும் நோயாளிக்கு வரம். ஆற்றில் அதே இரண்டு குணமும்தான் தொல்லை.

அப்புறம், பூட்டு மீனிடமும் இருக்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களான நாமும் மீனும் ஒரே பாட்டன் வழி வந்தவர்கள். மனித மருந்துகள் குறிவைக்கும் 1,318 புரதங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இணையானவை மற்ற உயிர்களில் இருக்கின்றனவா என்று 2008இல் சுவீடனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸீப்ரா மீனில் 86 சதவீதம் இருந்தது. குளத்தில் துள்ளும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் 61, ஒரு பச்சைப் பாசியில் 35. மீன் மருந்தை விழுங்க வேண்டிய அவசியமும் இல்லை. நாள் முழுக்கச் செவுள் வழியாகத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. அதில் கரைந்திருப்பது செவுளின் மெல்லிய தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். நமக்கு ஒரு வேளை, இரண்டு வேளை என்று உண்டு. மீனுக்கு வேளையே கிடையாது, பிறந்ததிலிருந்து ஓயாத டிரிப்ஸ்.

ஹார்மோன் என்றால் இனப்பெருக்கம். மனநல மருந்து என்றால்? நடத்தை. சுவீடனின் உப்சாலா நகரத்து ஃபைரிஸ் ஆற்றில் பிடித்த பெர்ச் மீன்களின் சதையில் ஆக்சசெபாம் என்ற மருந்து இருந்தது. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுப்பது. தண்ணீரில் இருந்ததைப் போலப் பல மடங்கு சதையில் சேர்ந்திருந்தது. தோமாஸ் புரோடின் என்ற ஆராய்ச்சியாளரின் குழு லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் கலந்த தண்ணீரில் பெர்ச்சுகளை விட்டுப் பார்த்தது. 2013இல் வந்த அந்த முடிவு எனக்கு இன்னும் சிரிப்பும் கலக்கமும் சேர்த்தே தரும். பெர்ச் இயல்பில் கூச்ச சுபாவம், கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும், புது இடத்துக்குப் போகப் பயப்படும். மருந்துத் தண்ணீரில் இருந்தவை கூட்டத்தை விட்டுத் தனியே சுற்றின, அதிகம் திரிந்தன, இரையை வேகவேகமாகத் தின்றன. பதற்றம் குறைக்கும் மாத்திரை மனிதரின் பதற்றத்தைக் குறைப்பது போலவே மீனின் பதற்றத்தையும் குறைத்துவிட்டது. ஆற்றில் ஒரு சின்ன மீனுக்கு உயிரைக் காப்பாற்றுவதே அந்தப் பதற்றம்தான், தெரியுமா? பயப்படாத பெர்ச், பைக் என்ற வேட்டை மீனின் வாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

"நல்லா தின்னுது, துறுதுறுன்னு இருக்குது, இதில் என்ன கெடுதல்" என்று கேட்கத் தோன்றும். இதே கேள்விக்கு 2025இல் இன்னொரு சுவீடன் ஆய்வு விசித்திரமான பதில் வைத்தது. ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் பருவத்தில் இருந்த சால்மன் குஞ்சுகளுக்குள் குளோபசாம் என்ற, அதே பதற்றம் குறைக்கும் ரக மருந்தை மெதுவாகக் கசியும் வகையில் வைத்து டால் ஆற்றில் விட்டார்கள். மருந்து பெற்றவை நடுவே இருந்த நீர்மின் அணைகளை வேகமாகக் கடந்து, மற்றவற்றைவிட அதிக எண்ணிக்கையில் பால்டிக் கடலைச் சேர்ந்தன. கேட்க நல்ல சேதியாக இருக்கிறது. ஆனால் கூட்டமாக இருக்கும் பழக்கம் தளர்ந்த மீன், பெரிய மீன்கள் திரியும் கடலில் என்ன பாடுபடும் என்பது வேறு கணக்கு. பல்லாயிரம் வருடமாக அமைந்த சுபாவத்தை மாத்திரை மாற்றுகிறது என்பதுதான் இதில் விஷயம், முதல் கட்டத்தில் லாபமா நஷ்டமா என்பது இல்லை.

தண்ணீரில் கிடப்பது தண்ணீரோடும் நிற்பதில்லை. மெல்போர்ன் நகரத்தின் ஓடைகளில் பூச்சிகளின் இளம்புழுக்களையும், கரையோரத்தில் வலைகட்டும் சிலந்திகளையும் பிடித்து 2018இல் ஒரு குழு சோதித்தது. தண்ணீர்ப்புழு வளர்ந்து சிறகு முளைத்துப் பறக்கும்போது சிலந்தி வலையில் சிக்கும், கூடவே மருந்தும். மொத்தம் 69 வகை மருந்துகள் கிடைத்தன. அங்கே பிளாட்டிபஸ் என்ற வாத்து அலகுப் பிராணி இந்தப் புழுக்களைத் தின்றே வாழ்வது. அதிகம் மாசுபட்ட ஓடையில் வாழும் பிளாட்டிபஸ், தன் வழக்கமான சாப்பாட்டிலேயே ஒரு மனிதருக்கு எழுதிக்கொடுக்கும் மனச்சோர்வு மருந்தில் பாதி அளவை விழுங்கும் என்று கணக்கிட்டார்கள்.

டைக்ளோஃபெனாக் பற்றி நமக்குப் பழைய வருத்தம் ஒன்று உண்டு. மாடுகளுக்குப் போட்ட இந்த ஊசி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் அவற்றை ஏறக்குறைய அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தார்கள். தண்ணீரிலும் அது சாதுவாக இருப்பதில்லை. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவில் நான்கு வாரம் வைத்த ரெயின்போ டிரவுட்டுகளின் சிறுநீரகத்திலும் செவுளிலும் சிதைவு தெரிந்தது. மெட்ஃபார்மின் ஹார்மோனே இல்லை. ஆனாலும் லிட்டருக்கு 40 மைக்ரோகிராமில் சின்னக் குஞ்சுப் பருவத்திலிருந்தே வளர்த்த ஆண் மினோக்களில் விந்துப்பைக்குள் முட்டை தோன்றியதாக 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டார்கள்.

ஆன்டிபயாடிக் தனி ரகம். அது கொல்ல வந்ததே பாக்டீரியாவை. குளத்தில் உதிர்ந்த இலையை மட்கவைப்பது பாக்டீரியா, நீலப்பச்சைப் பாசி எனப்படுவதும் பாக்டீரியாவே. அடித்தட்டில் கை வைக்கிறது என்று சொல்லலாம். இதில் உச்சம் நம் நாட்டில்தான் பதிவானது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து விடும் தண்ணீரை ஸ்வீடனின் யோவாக்கிம் லார்சன் குழு சோதித்து 2007இல் வெளியிட்டது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. நானோ இல்லை, மைக்ரோ இல்லை, மில்லி. அந்த மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஒரு நாளில் அந்த வாய்க்காலில் போன சிப்ரோஃபிளாக்சசின் சுமார் 45 கிலோ. சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. அந்தத் தண்ணீரை 500 மடங்கு நீர்க்கவைத்து அதில் தவளையின் தலைப்பிரட்டைகளை விட்டால்கூட வளர்ச்சி குன்றியது. வீட்டுக் கழிப்பறையிலிருந்து வரும் சொட்டும், ஆலைக் குழாயிலிருந்து வரும் இந்த வெள்ளமும் ஒரே தலைப்புக்குக் கீழே வந்தாலும் ஒரே பிரச்சினை இல்லை. ஆலையைத் தடுக்க நினைத்தால் தடுக்கலாம். கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு போடும் வரைவு 2020 ஜனவரியில் மத்திய அரசிடமிருந்து வந்தது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை.

நம் ஊர்? காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி போன்ற ஆறுகளில் வலிநிவாரணிகளும் கார்பமசெபினும் இருப்பதைப் பத்து வருடத்துக்கு முன்பே ஆய்வுகள் காட்டின. சென்னை ஐஐடி 2021இல் வெளியிட்ட காவிரி ஆய்வில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கான அட்டினலால், சிப்ரோஃபிளாக்சசின் எல்லாம் இருந்தன. மருந்துச்சீட்டை ஆறு வாசித்துக் காட்டிய மாதிரி.

இதைச் சொன்னவுடன் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அப்போ மீன் சாப்பிடலாமா?" சாப்பிடலாம். ஒரு துண்டு மீனில் இருக்கும் மருந்து, ஒரு மாத்திரையில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குடிநீரில் தென்படும் அளவில் மனிதருக்குக் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமும் 2012இல் சொன்னது. இந்தக் கட்டுரையில் பாதிக்கப்படுவது நாம் இல்லை, மீன். எல்லாக் கேள்வியையும் நம் தட்டில் கொண்டுவந்து முடிக்கும் பழக்கத்தால்தான் இது இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வழி இல்லாமல் இல்லை. எஸ்டிபியின் கடைசியில் ஓசோன் வாயுவை ஊதினால் அல்லது கரித்தூள் படுக்கை வழியாக விட்டால் பெரும்பாலான மருந்துகள் உடைந்துவிடும் அல்லது ஒட்டிக்கொள்ளும். ஸ்விட்சர்லாந்து 2016இலிருந்து சட்டமே போட்டு, 2040க்குள் நூறு நிலையங்கள் வரை இப்படி மாற்றி வருகிறது. இந்த வகை மாசில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும் என்பது விதி. இதற்கு ஆகும் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் எழுதியிருக்கிறது. உற்பத்தியாளர்கள் வழக்குக்குப் போயிருக்கிறார்கள், எதிர்பார்த்ததுதான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது சின்னது. காலாவதியான மாத்திரையையும் மிச்சச் சிரப்பையும் கழிப்பறையில் கொட்டாமல் இருக்கலாம். ஜெல் தேய்த்த கையைக் கழுவுமுன் ஒரு தாளில் துடைத்துத் தாளைக் குப்பையில் போட்டால் குழாயில் போவது குறையும். பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், "உனக்கு வேற வேலை இல்ல" என்றார். ஆனால் ஆற்றில் சேர்வதில் பெரும்பகுதி நாம் விழுங்கி வெளியேற்றியதுதான். அதற்காக யாரும் சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்திவிடக் கூடாது. பிரச்சினையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. இது யாருடைய அலட்சியத்தாலும் வந்ததில்லை, நாம் நலமாக இருப்பதன் மிச்சம்.

260ஆம் ஏரியில் நிறுத்த முடிந்தது. 2003 இலையுதிர் காலத்தோடு படகு நின்றது, ஹார்மோன் வரவு நின்றது. ஆராய்ச்சியாளர்கள் மட்டும் ஒவ்வொரு வருடமும் வலையோடு போனார்கள். முதலில் ஆண் மீன்களின் வைட்டெலோஜெனின் இறங்கியது. தப்பிப் பிழைத்த கொஞ்சம் மினோக்கள் முட்டையிடத் தொடங்கின. மூன்று, நான்கு வருடங்களில் வலையில் பழையபடி எல்லா அளவிலும் மீன் விழுந்தது. நகக்கண் அளவுக் குஞ்சிலிருந்து, மூக்கில் முள் புடைத்த, முதுகில் பஞ்சுத் திட்டு வளர்ந்த ஆண் வரைக்கும்.